முதுகில் மூன்று நீலக் கோடுகள்

காகிதக் கட்டு தானாகத்தான் விழுந்தது. பிற்பாடு அண்ணியிடம் குண்டூசி சொன்ன கதை அதுதான்.

உண்மையில் நடந்தது வேறு. நூலகத்தின் மாடிப்படியில் கட்டைச் சுமந்துகொண்டு ஏறியவன், மேலே போய்ச் சேருகிற வரைக்கும் பொறுக்காமல் நடுப்படியிலேயே முதல் பக்கத்தைப் புரட்டினான். கண் காகிதத்தில், கால் தரை துடைக்கிற தண்ணீர் வாளியில். அடுத்த நொடி வாளி உருண்டு ஒரு பக்கம் போனது, இருபத்து நாலு காகிதங்களும் இருபத்து நாலு பக்கம் போயின.

நனைந்தது என்னவோ அவனுடைய இடது காலும் முதுகும் ஐந்தாறு காகித ஓரங்களும்தான். சேதம் வேறு இடத்தில். ஒவ்வொரு காகிதத்திலும் எழுதியவரின் எண் போட்ட துண்டுச் சீட்டு ஒன்று ஊசியால் குத்தியிருந்தது. கதைகளெல்லாம் நூலகக் கம்ப்யூட்டரில் அடித்தவை. ஆகவே கையெழுத்தை வைத்து ஆளைப் பிடிக்க வழியில்லை. இப்போது ஊசிகள் கழன்று, சீட்டுகள் படியெங்கும் இறைந்து கிடந்தன. ஒல்லி உடம்புக்கும் உருண்டைத் தலைக்கும் குண்டூசி என்று பட்டப்பெயர் வாங்கியவனுக்கு, குண்டூசியாலேயே மானம் போனது.

"விழுந்துட்டீங்களா தம்பி?"

மேல்படியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சீருடை தைக்கிற கம்பெனியில் சரக்கறையைப் பார்த்துக்கொள்கிறவர், எல்லோருக்கும் அவர் 'ஸ்டோர்'. மறுபேச்சில்லாமல் குனிந்து காகிதம் பொறுக்க ஆரம்பித்தார்.

"நான் விழலைங்க, காகிதம்தான் விழுந்தது" என்றான் குண்டூசி.

"எந்தச் சீட்டு எதுக்குன்னு தெரியுமா?"

"ஒவ்வொரு கதையும் ரெண்டு ரெண்டா இருக்கு. ஒண்ணு 'நான்'னு போகுது, இன்னொண்ணு 'அவர்', 'அவள்'னு போகுது. எல்லாம் ஒரே நாய், அதே பஸ், அதே கல்யாணம். நம்பரும் ஆளுக்கு ரெண்டு ரெண்டு இருக்கு. அப்ப ஒருத்தரே ரெண்டு விதமா எழுதியிருக்கணும். சரிதானே?"

ஸ்டோர் இரண்டு காகிதங்களைத் தனியாக எடுத்து நீட்டினார். "சரியாத்தான் இருக்கும். இது தீ விபத்துக் கதை. எங்க கம்பெனி கட்டிங் மாஸ்டரோடது, ஏழாம் நம்பர். ரெண்டுலயும் ஏழையே குத்திடுங்க."

குத்தினான். மீதியையும் குத்துமதிப்பாக ஜோடி சேர்த்தான். எட்டாம் எண்ணை மட்டும் ஸ்டோரே ஒரு பஸ் கதை ஜோடிக்கு எடுத்துக் குத்தினார். "இது என்னோடது." அப்புறம் வாளியை நிமிர்த்திவைத்துவிட்டுக் கீழே போனார், மாஸ்டரைப் பிடித்து ஏற்றிக் கூட்டிவர.

நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டான் குண்டூசி. ஆட்களை எடைபோடுவதில் அவனுக்குத் தனித் திறமை உண்டு. இதுவரை ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை.

* * *

துப்பறிகிறவள் அண்ணி. குண்டூசி அவளுடைய உதவியாளன். அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளையின் செருப்பைப் பார்த்தே அவன் எந்த வழியாக வந்தான், எங்கே நின்று திருட்டுத் தம் அடித்தான் என்று சொன்னவள். அன்றைக்கே அண்ணன் தலையை ஆட்டிவிட்டான். இவன் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவளிடம் ஒரே ஒரு குறைதான். கேள்வி கேட்டால் பதில் வராது, இன்னொரு கேள்விதான் வரும். "சாப்பாடு ஆச்சா அண்ணி?" என்றால் "பசிக்குதா?" என்பாள். நாலு வருஷத்தில் ஆமாம், இல்லை என்று ஒரு நேரான வார்த்தையை அவன் அந்த வாயிலிருந்து கேட்டதில்லை.

நேற்றுக் காலை ஆபீஸுக்கு ஒரு பெண் வந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அவளுடைய அப்பாதான் அந்த மாஸ்டர். சீருடைக் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகத் துணி வெட்டுகிறவர். ஆறு வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம் கடைசி ஆளாகக் கதவைப் பூட்டிவிட்டு வந்தார். ஒரு மணி நேரத்தில் வெட்டு அறையில் தீ. ஆளுக்குச் சேதமில்லை. இஸ்திரிப் பெட்டி அணைக்காமல் கிடந்தது என்று கண்டுபிடித்தார்கள்.

"அணைச்சேனான்னு அப்பாவுக்கே ஞாபகம் இல்ல மேடம். அன்னையிலேருந்து வீட்ல எல்லா ப்ளக்கையும் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கறார். ஃபிரிஜ்ஜையும் சேர்த்து. இஸ்திரி போட்ட சட்டையே போடறதில்ல. நாளன்னைக்குப் பத்து மணிக்கு கம்பெனியில விசாரணை. என் தப்புதான்னு எழுதிக் கையெழுத்துப் போடப்போறாராம்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "போட்டா வேலை போகும், அது போகட்டும். அப்புறம் அவர் கத்திரியைத் தொடமாட்டார். அதுக்கப்புறம் அவர்கிட்ட என்ன இருக்கு?"

வீட்டில் வாயே திறக்காதவர் வாரா வாரம் போகிற ஒரே இடம் நூலக மாடியில் நடக்கும் கதை வகுப்பு. அங்கே தீயைப் பற்றி ஏதோ எழுதினாராம். அந்தக் கதையைக் கொண்டுவரத்தான் குண்டூசி இன்று புது மாணவனாகச் சேர்ந்தான். சேர்ந்த பத்தாவது நிமிஷம் டீச்சர் நம்பிக் கொடுத்த கட்டைத்தான் அப்படிக் கொட்டினான்.

அவன் அந்தக் கதை வகுப்பை ரொம்ப எதிர்பார்த்திருந்தான். அண்ணியின் கேஸ்களைப் பாக்கெட் நாவலாக எழுதிப் புகழடைவது என்று தீர்மானித்து ஒரு வருஷம் ஆகிறது. முதல் வரியே நகரவில்லை.

"'நான்'னு எழுதறதா 'அவன்'னு எழுதறதா, அண்ணி?" என்று போன மாசம் கேட்டான்.

"நீங்க எதை மறைக்கணும், கொழுந்தனாரே?" என்றாள் அண்ணி.

* * *

வகுப்பு தொடங்க இருபது நிமிஷம். மாடி வராந்தாவின் கோடியில் பழைய பத்திரிகைகள் அடுக்கிய பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். குண்டூசி தீ விபத்து ஜோடியை நீட்டினான்.

"மாஸ்டர்தான். சந்தேகமே வேண்டாம். ரெண்டையும் படிங்க, ரெண்டு நாக்கு தெரியும்."

அண்ணி முதலாவதை வாய்விட்டுப் படித்தாள். "'நாலு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். மறுநாளுக்கு வெள்ளைத் துணி வெட்ட வேண்டும். வெள்ளையில் வெள்ளைச் சாக்குக்கட்டிக் கோடு தெரியாது என்பதால் நீலச் சாக்குக்கட்டிப் புதுப் பெட்டியைப் பிரித்தேன். ஐந்தரைக்கு முடித்தேன். விளக்கை அணைத்தேன். இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா? தெரியவில்லை. எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் என் கை அங்கே போகிறது, அதற்கு மேல் இருட்டாகிவிடுகிறது.'"

"அழுகை" என்றான் குண்டூசி. "அடுத்ததைப் படிங்க. அதே ஆள், ஐஸ்கட்டி மாதிரி எழுதியிருக்கார்."

"'அவர் விளக்கை அணைத்தார். வெளியே போகத் திரும்பியபோது அவர் சட்டை முதுகில் மூன்று நீலக் கோடுகள் தெரிந்தன. கதவு மூடியது. பூட்டு மூன்று முறை இழுபட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் கதவு அதிர்ந்து, மேலிருந்து தூசி உதிர்ந்தது. சாவித் துளை வெளிச்சத்தை ஒரு நிழல் மறைத்துவிட்டு விலகியது. படியில் காலடிச் சத்தம் தேய்ந்தது.'"

"பாத்தீங்களா? குத்தவுணர்ச்சியே இல்ல. 'நான்'னு சொன்னா தொண்டை அடைக்குது. 'அவர்'னு மாத்தினதும் யாருக்கோ நடந்த மாதிரி நிதானமா எழுதறார். பெட்டியைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. மறைக்கிறார். அண்ணி, வேணும்னே வெச்ச தீயா இருக்குமோ?"

அண்ணி காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கதவு மூடினப்ப மாஸ்டர் எந்தப் பக்கம் நின்னார்?"

"வெளியில."

"இந்தக் கதையைச் சொல்றவர்?"

குண்டூசி குனிந்து பார்த்தான். சாவித் துளையில் வெளிச்சம். தலைக்கு மேல் உதிர்கிற தூசி. "உள்ள" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. உடனே சுதாரித்துக்கொண்டான். "அது கதாசிரியருக்கு உள்ள உரிமை, அண்ணி. கடவுள் மாதிரி எங்க வேணா நிக்கலாம்."

"கடவுளுக்கு எதுக்கு சாவித் துளை?"

அண்ணி அடுத்த கேள்வியை எடுத்தாள்.

"உங்க முதுகுல இப்ப என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"பார்த்தீங்களா?"

குண்டூசி கழுத்தை வலப்பக்கம் திருப்பினான், இடப்பக்கம் திருப்பினான், நாயும் வாலும் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினான். அண்ணி எட்டி அவன் முதுகிலிருந்து எதையோ பிய்த்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஈரத்தில் ஒட்டிய துண்டுச் சீட்டு. எண் எட்டு.

"தானா விழுந்ததுன்னு சொன்னீங்களே, அந்தக் கட்டோடதா?"

காது மடல் சூடானது அவனுக்கு. ஒவ்வொரு எண்ணும் இரண்டுதான் என்று எண்ணித்தான் குத்தினான். பஸ் கதை ஜோடியில் ஏற்கெனவே இரண்டு எட்டுகள் இருக்கின்றன. இது மூன்றாவது. அப்படியென்றால், அந்த இரண்டில் ஒன்றை யாரோ கைப்பட எழுதிச் சேர்த்திருக்கிறார்கள்.

அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி போனில் மாஸ்டரின் மகளைப் பிடித்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் கண்ணாடி அறுக்கிற மெஷின் சத்தம்.

"உன் அப்பா தீ அன்னைக்குப் போட்டிருந்த சட்டை என்னம்மா ஆச்சு?"

"நான்தான் அன்னைக்கே தோய்ச்சேன். ஏன் மேடம்?"

"முதுகுல ஏதாவது இருந்ததா?"

மெஷின் சத்தம் நின்றது. அவள்தான் நிறுத்தியிருக்க வேண்டும். "உங்களுக்கு எப்படித் தெரியும்? மூணு கோடு. நீலம். அப்பா அடி ஸ்கேலால முதுகு சொறிவார். சாக்குத்தூள் ஸ்கேல்ல இருந்திருக்கும். ரெண்டு சோப்பு போட்டும் போகலை."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொல்லலை. அவர் இருந்த இருப்புக்கு இதை வேற சொல்லி... யாருக்குமே சொல்லலை."

அண்ணி போனை வைத்தாள். குண்டூசி மறுபடி காகிதத்தைப் பார்த்தான். நாலு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். நீலச் சாக்கு அதற்கப்புறம்தான் பிரிக்கப்பட்டது. கோடு போட்ட முதுகுக்குச் சொந்தக்காரருக்கே அது தெரியாது.

"அப்ப மாஸ்டர் இதை எப்படி எழுதினார்?"

"அவர்தான் எழுதினாரா?"

* * *

டீச்சர் பகலில் ஒரு பத்திரிகையில் மரண அறிவிப்புகளைத் திருத்துகிறவர். எதையும் நாலு வரிக்குள் முடித்துவிடுவார். பலகையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஒருத்தரே ரெண்டா? யார் சொன்னது? அப்படி எழுதினா 'நான்'ஐ அடிச்சுட்டு 'அவர்'னு போட்டுட்டு வந்துடுவாங்க. என் வகுப்புல வழக்கமே வேற. தன் கதையை 'நான்'னு எழுதணும். அப்புறம் பக்கத்து நாற்காலிக்காரர்கிட்ட கொடுத்துடணும். அவர் அதை வெளியிலிருந்து பார்த்து 'அவர்'னு எழுதணும். அப்பத்தான் எது பொருத்தம்னு புரியும்."

"ஏழாம் நாற்காலிக்குப் பக்கத்துல?" என்றாள் அண்ணி.

"எட்டு. அவர்தானே மாஸ்டரை ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வர்றதே."

குண்டூசி கையிலிருந்த எட்டாம் எண் சீட்டைப் பார்த்தான். மறுபேச்சில்லாமல் காகிதம் பொறுக்கிய நல்ல மனுஷன். ரெண்டுலயும் ஏழையே குத்திடுங்க. தீ விபத்து நடந்த வாரம் முழுக்க ஸ்டோர் லீவு போட்டு அக்கா ஊரில் இருந்ததாகக் கம்பெனியில் சொல்லியிருக்கிறார் என்று மகள் நேற்றுச் சொன்னது இப்போதுதான் உறைத்தது.

அண்ணி பஸ் கதை ஜோடியிலிருந்து 'நான்' காகிதத்தை உருவினாள். எட்டாம் எண்ணின் சொந்தக் கதை. அரைப் பக்கம்தான். பஸ் பிடித்தேன். அக்கா ஊருக்குப் போனேன். சாப்பிட்டேன். தூங்கினேன்.

"கால அட்டவணை மாதிரி இருக்கு" என்றான் குண்டூசி.

"தன் கதைன்னா வாயைத் திறக்கலை. அடுத்தவர் கதைன்னதும் சாவித் துளை வரைக்கும் எழுதியிருக்கார். ஏன்?"

முதல் தடவையாக, அந்தக் கேள்விக்கு அவனுக்குப் பதில் தெரிந்தது. "'அவர்'னு எழுதினா தான் அந்த அறையிலேயே இல்லைன்னு நினைச்சுட்டார்."

அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் கால்வாசி மரியாதை இருந்தது. அதை அவன் ரொம்ப நாள் வைத்துக்கொள்வான்.

* * *

மாஸ்டர் ஏழாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை சுருட்டி எடுத்த செய்தித்தாள் மாதிரி கசங்கியிருந்தது. பக்கத்தில் ஸ்டோர், காலர் நிமிர்ந்து, கை மடிப்பு கத்தி மாதிரி. மற்றவர்கள் வரப் பத்து நிமிஷம் இருந்தது. அண்ணி எதிர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, இரண்டாவது காகிதத்தை ஸ்டோர் முன்னால் வைத்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. அந்த நீலக் கோடு எங்க பார்த்தீங்க?"

ஸ்டோர் சிரிக்கப் பார்த்தார். "கற்பனைதாங்க. டீச்சர் சொல்லுவாங்களே, காட்சியா எழுதணும்னு."

"மூணுன்னு எழுதினதும் கற்பனையா?"

"என் முதுகுல கோடா?" என்றார் மாஸ்டர் திகைத்து. அவர் கை தோளுக்கு மேலே போய், எட்டாத இடத்தைத் தேடியது.

குண்டூசி மூன்றாவது எட்டை மேஜையில் வைத்தான், ஈரத்தோடு. "இது ரெண்டாவது கதையில இருந்த சீட்டு. என் முதுகுல ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. என் முதுகு என்னைவிட நல்லாத் துப்பறியுது."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்டோர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர் இருந்தார்னு வெச்சுக்குங்க" என்று ஆரம்பித்தார். மேஜையைப் பார்த்துத்தான் பேசினார். "வீட்ல சண்டை. மச்சான்மாருங்க வந்து அவர் பெட்டியைத் தூக்கித் தெருவுல வெச்சுட்டாங்க. போக இடமில்ல. அக்கா ஊருக்குப் போறேன்னு லீவு எழுதிக் கொடுத்துட்டு, வெட்டு அறையை ஒட்டின கம்பெனிச் சரக்கறையிலேயே துணி மூட்டை மேல படுத்துக்கிட்டார். பதினோரு நாள். வெளியில தெரிஞ்சா மானக்கேடு. அன்னைக்கு எல்லாரும் போனதும் சத்தம் போடாம உள்ளேயே நின்னார்."

"அப்புறம்?" என்றாள் அண்ணி.

"ஆறு மணிக்கு அவர் மனைவி வரச் சொல்லியிருந்தா. பேசிப் பார்க்கலாம்னு. கசங்கின சட்டையோட போனா மச்சான்மாரு என்ன நினைப்பாங்க? அந்த மனுஷன் சட்டையைத் தேய்ச்சார். பாதியில போன் வந்தது. வர்றீங்களா, கதவைச் சாத்தவான்னு. அந்த மனுஷனுக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. சட்டையை மாட்டிக்கிட்டு பின்கதவு வழியா ஓடினார். வீட்ல சேர்த்துக்கிட்டாங்க. இது வெளியில வர்ற நிமிஷம் மறுபடி தெரு..."

அவர் நிறுத்தினார். குண்டூசிக்கு அவர்மேல் கோபம் வர வேண்டிய இடத்தில் வரவில்லை. எரிச்சலாக இருந்தது. ஆறு வாரமாக ஒருவரைத் தினம் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், பையைத் தூக்கிக்கொண்டு, படியில் கைபிடித்து ஏற்றிவிட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்த மனுஷன்.

மாஸ்டர் ஸ்டோரைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷம் கத்திரி பிடித்துக் கட்டைவிரல் அடியில் காய்த்துப்போன கை. அது அன்றைக்கு எங்கே போனது என்று இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

"பெட்டி" என்றார் மெதுவாக. "நான் போறப்ப பெட்டி அணையாமத்தான் இருந்திருக்கும். அதுலதான் அவர் தேய்ச்சிருப்பார். அப்ப தொடக்கம் என் தப்புதானே?"

"அந்த மனுஷன் வந்தப்போ அறை இருட்டா இருந்தது. அவருக்கு..." என்று ஸ்டோர் மறுபடி மேஜையிடம் இழுத்தார்.

குண்டூசி அந்தக் காகிதத்தை அவர் முன்னாலிருந்து எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். இனி வாசிக்க எதுவும் இல்லாத மேஜை.

"ஒருத்தர் வேண்டாங்க. அந்த மனுஷன் வேண்டாம். நாளைக்குப் பத்து மணிக்கு இவர் கையெழுத்துப் போடப்போறார். நாலு வருஷமா நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் நேரா பதில் வந்ததில்ல, எங்க அண்ணியைக் கேளுங்க. இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மாஸ்டர் போனப்ப பெட்டி அணைஞ்சிருந்ததா, இல்லையா?"

அண்ணி குறுக்கே எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கீழே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம்.

ஸ்டோர் முதல் தடவையாக மாஸ்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அணைஞ்சிருந்தது, மாஸ்டர். ப்ளக்கைப் பிடுங்கி, வயரைச் சுத்தி, பெட்டியை நிமிர்த்தி வெச்சுட்டுத்தான் போனீங்க. நான் தொட்டப்ப ஆறிப்போய் ஜில்லுனு இருந்தது. நான்தான் மறுபடி சொருகினேன்."